பக்கத்துக் கட்டில்காரர்

ஆக்லாந்து
9 மார்ச் 1997

தம்பி பௌலியாசி,

நீயும் லோசேலியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை. நான் சுகம். வார்டில் நர்ஸ்கள் குறைவு என்று இரண்டு வாரமாக விடுப்பே இல்லை, அதை விடு.

உன் மச்சான் மானுவேலி கல்யாணத்துக்கு இங்கே வந்திருந்தான். பந்தியில் என் எதிரே உட்கார்ந்து ஆட்டு விலாவைக் கடித்துக்கொண்டே, மழை பெய்தது வெயிலடித்தது என்று சொல்வதுபோல் சொன்னான்: "பௌலியாசி இப்பல்லாம் பிரசங்கம் பண்றதில்லக்கா. கடைசி பெஞ்சுல வாசல் பக்கமா உக்காந்துக்கிறாரு. அம்மாவோட பாயையும் கட்டிக்கிட்டு வர்றதில்ல. கேட்டா எலி கடிச்சிருச்சுன்னு சொல்றாரு."

எந்த எலி? அம்மாவும் நானும் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து பின்னிய இடுப்புப் பாய் அது. நீ முதல் முறை பிரசங்க மேடை ஏறும்போது உடைக்குமேல் மரியாதையாகக் கட்டிக்கொள்ளப் பின்னியது. அம்மாவுக்குக் கண் மங்கிப்போய், கடைசி ஒரு சாண் அகலத்தை விரலால் தடவித் தடவியே முடித்தாள். அதை எலிக்கு விட்டுவைக்கிற ஆளா நீ? யாருக்காவது கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் யாருக்கென்று சொல்.

சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? ஆகஸ்டில் ஆரம்பித்தாய் என்று நினைவு. காலை ஒன்று, மாலை ஒன்று. உன் வயதில்தான் அப்பா போனார். மறந்துவிடாதே.

அக்கா மெலெசெய்னி


ஹாபாய்
31 மார்ச் 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. உங்களை இந்த நாள்வரை காத்த ஆண்டவருக்கு நன்றி. உங்களுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று லோசேலி வருத்தப்பட்டாள்.

வள்ளிக்கிழங்கு இந்த வருடம் நன்றாக விழுந்திருக்கிறது. முதல் கிழங்குகளைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு கிழங்கு என் தொடை நீளம் இருந்தது. பெரியவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தான்.

பாய் பத்திரமாக இருக்கிறது. பிரசங்கத்துக்கு இளையவர்கள் வந்துவிட்டார்கள், நானே ஏறி நின்றால் அவர்கள் எப்போது பழகுவார்கள்? தொண்டையும் முன்போல இல்லை.

மாத்திரையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். மானுவேலியிடம் எதையும் கேட்காதீர்கள், அவன் வாய்க்கு மூடி கிடையாது.

தாழ்மையுள்ள தம்பி
பௌலியாசி


ஆக்லாந்து
20 ஏப்ரல் 1997

பௌலியாசி,

எலி கடித்த பாய் பத்திரமாக இருக்கிறதாம். நல்ல எலி.

உன் கடிதம் வந்த அன்றே மாலியாவிடமிருந்தும் ஒரு கடிதம். ஊர் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவள், சித்தப்பா மகள், உனக்கு இன்னொரு அக்கா. அவள் எழுதுகிறாள்: "பௌலியாசி அக்டோபருக்கு அப்பறம் மாத்திர வாங்கவே வரல. வழியில பாத்தா தலையக் குனிஞ்சுகிட்டு வேற பாதையில போயிடுறான். நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல." அக்டோபர், நவம்பர் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதம்.

"கவலைப்பட வேண்டாம்" என்று எனக்கு எழுதினாயே, அது பொய். வேறு யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல், என்னிடம் எப்படிச் சொல்லத் துணிந்தாய்? தம்பி அக்காவிடம் பொய் சொன்னால் சாப்பிடும்போது தொண்டையில் முள் சிக்கும் என்று நம் ஊரில் பயமுறுத்துவார்கள். நீ என்னைப் பார்த்தே பயந்தவன். இப்போது நடுவில் கடல் இருக்கிற தைரியமா?

அந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படி ஏதாவது என்றால் லோசேலியிடம் சொல், அவள் மாலியாவிடம் சொல்லட்டும். அதற்குமேல் ஒரு அக்கா தம்பிக்கு எழுத முடியாது, உனக்கே தெரியும்.

பாயை என்ன செய்தாய் என்று நேராகப் பதில் எழுதும்வரை எனக்கு எதுவும் எழுதாதே.

மெலெசெய்னி


ஹாபாய்
14 மே 1997

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீங்கள் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே யார் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் என்ன கட்டுகிறார்கள் என்று அங்கிருந்தே விசாரிக்கிறீர்கள். அம்மா போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பாயைக் கட்டி நின்றவன் நான். அதைக் கொடுத்தேனா, தொலைத்தேனா என்று கேட்கிறீர்களே, அவ்வளவுதானா என்மேல் உள்ள நம்பிக்கை? இந்த வரியை எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கிழிக்கப்போவதில்லை.

லோசேலியிடம் சொல்லச் சொன்னீர்கள். அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். மாலியாவிடம் எப்படிப் போய் நிற்பேன்? ஊரில் மருந்து கொடுக்க இருப்பது ஒருத்தி, அவளும் எனக்கு அக்கா. அவள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை, அதை மட்டும் அவளுக்கு எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு எழுதக்கூடிய சொற்களில் இந்த விஷயம் அடங்காது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மற்றபடி எல்லோரும் சுகம். கிழங்கு தோண்டும்போது கம்பி வலது காலில் பட்டு, கட்டைவிரல் பக்கம் சின்னக் காயம். மூன்று வாரமாக ஆறாமல் ஈரமாகவே இருக்கிறது. ஆனால் வலியே இல்லை, அதனால் வேலைக்குத் தடையில்லை.

பௌலியாசி


ஆக்லாந்து
1 ஜூன் 1997

தம்பி,

கோபமெல்லாம் போய்விட்டது. பாயை விடு. எலி தின்றிருந்தால் தின்றுவிட்டுப் போகட்டும்.

காயம் வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் இருபது வருடமாக நர்ஸ். வலிக்கிறது என்று கத்துகிறவர்களைப் பார்த்து நாங்கள் பயப்படுவதில்லை. சர்க்கரைக்காரர் ஒருவர் காலில் ஓட்டையை வைத்துக்கொண்டு வலியே இல்லை என்று சிரித்தால் அங்கேதான் பயம். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அடுத்த படகில் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே இருக்கும் டாக்டர் ஆண், நம் சொந்தமும் இல்லை. அவரிடம் எதையும் சொல்லலாம்.

உனக்குப் பத்து வயது முடிந்ததும் உன் படுக்கையைச் சுருட்டிப் பையன்களின் குடிசைக்கு அனுப்பினார்கள். அன்று நீ அழுதாய். அதன்பிறகு நான் இருக்கும் அறையில் நீ கால் நீட்டி உட்கார்ந்ததில்லை, உன் காதுபட நான் உடம்பைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நம்மை அப்படி வளர்த்தார்கள், அதில் எனக்குப் பெருமைதான். நம் இருவருக்கும் நடுவில் எந்தச் சொற்கள் வரக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ சொல்லாமல் நான் எதைச் சரிசெய்வேன்?

நீ செத்தால், நம் வழக்கப்படி, அக்கா என்று உன் தலைமாட்டில் உட்காரும் உரிமை எனக்கு. ஊரே என் முன்னால் குனிந்து பாய்களைக் கொண்டுவந்து வைக்கும். எனக்கு அந்த இடம் வேண்டாம். கேட்டுக்கொள், வேண்டாம்.

அக்கா


பெரிய தீவு, ஆஸ்பத்திரி
24 ஜூன் 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சொன்னபடி வந்துவிட்டேன். லோசேலி கூட இருக்கிறாள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் எண்ணிப் பார்த்தேன், மூன்று இருக்கின்றன. மேலே பரவாமல் இருக்க ஜெபம் பண்ணுங்கள்.

படுத்தே கிடப்பதால் எழுத நேரம் இருக்கிறது. என் பக்கத்துக் கட்டிலில் ஒரு மனிதர். வேறு தீவுக்காரர், உங்களுக்குத் தெரியாது. அவர் கதையை எழுதுகிறேன், நீங்கள் நர்ஸ், கேட்டிருப்பீர்கள்.

அவருக்கும் என் வியாதிதான், என் மாத்திரைதான். போட ஆரம்பித்த நாலாம் நாளே அவருக்கு வயிறு கட்டுக்குள் இல்லை. தோட்டத்தில் என்றால் புதர் உண்டு. ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கும் வட்டத்தில் உட்கார்ந்தால் பாதியில் எழ முடியாது, அதனால் அங்கே போவதை விட்டார். படகில் ஏறுவதை விட்டார். மருந்து கொடுக்கும் பெண்ணிடம் சொல்லலாம் என்றால் அவள் அவருக்கு அக்கா முறை. "மாத்திர ஒத்துக்குதா?" என்று அவள் கேட்டாள். "ஒத்துக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் சபையில் பிரசங்கி. பிரசங்க நாளில் காலையில் எதுவும் சாப்பிடமாட்டார். ஆனால் மாத்திரையைத் தவறவிடக்கூடாது என்று வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு போனார். இடுப்பில் பாய். அவர் மனைவி கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிந்திருந்தாள். அதை அவிழ்க்க இன்னொரு ஆள் வேண்டும், உங்களுக்குத் தெரியும்.

பிரசங்கத்தின் நடுவில் வந்தது. வெளியே ஓடலாம். ஆனால் மேடையிலிருந்து கதவுக்குப் போகும் வழி பெண்களின் பெஞ்சுகளை ஒட்டித்தான். முதல் பெஞ்சில் அவருக்கு அக்கா தங்கை முறையானவர்கள் ஆறு பேர். அவர்கள் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படி ஓடுவார்? நின்றார். பேசிக்கொண்டே நின்றார். எல்லாம் நடந்து முடிந்த பிறகும் பிரசங்கத்தை முடித்துவிட்டுத்தான் வாயை மூடினார். கடைசிப் பாட்டு முடிந்து சபை கலைந்தது. அவர் மேடைக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். ஜெபத்தில் இருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் சத்தமில்லாமல் போனார்கள். "இன்னைக்கு ஆவியானவர் எறங்கிட்டாரு" என்று வாசலில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. கடைசியில் மனைவி ஒரு படுக்கை விரிப்போடு வந்தாள்.

அந்தப் பாய் அவருக்கு வேண்டியவர்கள் பின்னியது. மறுநாள் கடல் வற்றிய நேரம், தாழை ஓலையை ஊறப்போடுவது போலக் கல் வைத்து அமுக்கி ஊறப்போட்டார். பன்னிரண்டு நாள். பிறகு காயவைத்து மெத்தைக்கு அடியில் வைத்தார். வாடை போய்விட்டது என்று மனைவி சொல்கிறாள். அவருக்குப் போகவில்லை. மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டார்.

மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று இங்கே டாக்டரும் கேட்டார். அறைக்குள் மாலியா போலவே அக்கா முறையான ஒரு நர்ஸ் நின்றிருந்ததால் அந்த மனிதர் எதுவும் சொல்லவில்லை.

பௌலியாசி


ஆக்லாந்து
9 ஜூலை 1997

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை இரவுப் பணி முடித்துவந்து, சீருடையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு நான் சொல்வதை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. அவர் எனக்குத் தம்பி இல்லை, வேறு தீவுக்காரர், அதனால் நேராகச் சொல்கிறேன்.

ஐயா, உங்களுக்கு வந்தது வயிற்றுப்போக்கு. எழுதிவிட்டேன். ஆக்லாந்தில் ஒவ்வொரு காலையும் முப்பது கட்டில்களில் இந்த வார்த்தையைச் சொல்கிறேன், எந்தக் கதவையும் சாத்தியதில்லை, இன்று எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த மாத்திரை பலருக்கும் அப்படிச் செய்யும். உங்கள் உடம்பு கெட்டுப்போனதால் இல்லை, நீங்கள் ஏதும் பாவம் செய்ததால் இல்லை. முழு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வேகம் இன்னும் கூடும். அரை மாத்திரையில் தொடங்க வேண்டும், அதுவும் சாப்பாட்டின் நடுவில், பாதிக் கிழங்கு உள்ளே போன பிறகு. ஒன்றிரண்டு வாரம் கழித்து மெல்லக் கூட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வயிறு பழகிவிடும். பழகாவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. டாக்டரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள், அறையில் யார் நின்றாலும் தாள் பேசாது.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். "எத்தனை தடவை போச்சு, தண்ணியாவா?" என்று கேட்டுத்தான் ஒரு நாளையே ஆரம்பிக்கிறேன். என் தம்பியிடம் பாயைக் கேட்டேன். எலியைக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

பாயைப் பின்னியவர்கள் சார்பில் ஒன்று சொல்கிறேன். தாழை ஓலை கடல் தண்ணீரில் கிடந்து வெளுத்துத்தான் பாயாகிறது. இன்னொரு முறை கடலில் கிடந்ததால் அது கெடாது. அதைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றாரே அந்த மனிதர், பின்னியவர்களுக்கு அதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்?

சீக்கிரம் வாசித்துக் காட்டு. நாள் தள்ளாதே.

அக்கா


பெரிய தீவு, ஆஸ்பத்திரி
29 ஜூலை 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கடல் கொந்தளிப்பு என்று இரண்டு வாரம் படகு வரவில்லை. உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உங்கள் கடிதம் முன்னால் வந்திருந்தாலும் கால் தப்பியிருக்காது என்று டாக்டர் சொல்கிறார். அதனால் படகைத் திட்டாதீர்கள். போன அக்டோபரிலேயே யாராவது வாயைத் திறந்திருந்தால்தான் உண்டு.

அந்த மனிதருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். கொஞ்ச நேரம் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தார். பிறகு பென்சில் கேட்டார். டாக்டருக்கு எழுதியது நாலே வரி. டாக்டர் படித்துவிட்டு, "இவ்வளவுதானா? இத சொல்லவா பத்து மாசம்?" என்றார். நல்ல மனிதர்தான், நம் ஊரில் பிறந்தவரில்லை. அரை மாத்திரையில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

இல்லாத பாதம் ராத்திரியில் அரிக்கிறது. இருந்தபோது ஊசியால் குத்தினாலும் தெரியாமல் கிடந்தது. லோசேலி சிரிக்கிறாள், பிறகு வெளியே போய் அழுதுவிட்டு வருகிறாள்.

பௌலியாசி


ஆக்லாந்து
17 ஆகஸ்ட் 1997

தம்பி,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். உன் காலுக்காக அழுதேன், பத்து வயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தக் காலால்தானே பையன்கள் குடிசைக்கு நடந்து போனாய். வார்டில் ஒரு கிழவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்கப்போய், கேட்காமலே அவர் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். "என்னம்மா, நான் இன்னைக்கு நல்லாத்தான் போனேன்" என்று அவரே சொன்னார்.

மாலியாவுக்கு எழுதிவிட்டேன். இனி கிளினிக்கில் எல்லோருக்கும் மாத்திரையோடு ஒரு சீட்டுக் கொடுப்பாள். என்னென்ன வரலாம், வந்தால் என்ன செய்யலாம் என்று நம் மொழியில் எழுதியிருக்கும். யாரும் எதையும் வாயால் சொல்ல வேண்டாம், தனக்கு வந்ததற்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தால் போதும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்குள் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்கு அது நின்றதா? கேட்டு எழுது.

அக்கா


ஹாபாய்
21 செப்டம்பர் 1997

அக்கா,

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியவன் சீமைப்பலா மரத்தில் கட்டைக்கால் ஒன்று செதுக்கிக்கொடுத்தான். புதிது வரும்வரை அதுதான். நாய்க்கு அதைக் கண்டால் ஆகவில்லை.

இன்று பிரசங்கம் செய்தேன். போதகர் மேடையில் நாற்காலி போட்டார், வேண்டாம் என்று நின்றேன். காலையில் கிழங்கும் மீனும் சாப்பிட்டு, நடுவில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். லோசேலி மெத்தையைத் தூக்கிப் பாயை எடுத்தாள். ஓரத்தில் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, உள்பக்கம் வரும்படி மடித்தாள். நான் அதை மறுபடி திருப்பி வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். கயிற்றை ஒரே சுற்றுச் சுற்றி முன்னால் முடிந்தாள். முதல் பெஞ்சில் மாலியா. நான் முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது என் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஜன்னல். பக்கத்தில் கட்டிலே இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அக்கா. தெரிந்தும் அந்த மனிதரை விசாரித்தீர்கள். இனி அவர் பெயரில் எழுதப்போவதில்லை. நானே எழுதுகிறேன்.

வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, அக்கா.

உங்கள் தம்பி
பௌலியாசி